பேப்பர் விரித்தால் ஷார்ட் ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கத்தில், வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்வது எப்படி என்று அரைப் பக்கத்துக்குப் படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. லேசர் பிரின்ட் எடுத்த தாளை காப்பர் போர்டு மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது, ஃபெரிக் குளோரைடில் போட்டு ஆட்டுவது, துளை போடுவது, சால்டர் வைப்பது எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் எல்.இ.டி. எரிந்ததும் "அவ்வளவுதான், போர்டு தயார்" என்று முடித்துவிட்டீர்கள். தயார் இல்லை சார். பாதி வேலை அதற்கப்புறம்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதாக இருந்தால் என் வீட்டுக் கதையை வெட்டுங்கள், விஷயத்தை வெட்டாதீர்கள்.

என் அக்கா வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அக்கா பையன் பாலிடெக்னிக் முதல் வருடம் படிக்கிறான். போன வருடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குத் தானாகவே மோட்டார் போட்டு நிறுத்துகிற சர்க்யூட் ஒன்றைச் செய்தான். தொட்டிக்குள் மூன்று கம்பி, இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு 12 வோல்ட் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச்), அந்த ரிலே வழியாக கீழே சம்ப்பில் இருக்கிற அரை ஹெச்.பி. மோட்டார். மேஜை மேல் வைத்துக் காட்டியபோது அருமையாக வேலை செய்தது, நானும் தட்டிக்கொடுத்தேன். அதை மாடியில் வைக்க ஒரு டப்பா வேண்டும் என்று அவன் எடுத்துப்போனது அக்கா முறுக்கு போட்டுவைக்கிற எவர்சில்வர் சம்படம். "அடியில படாம இருக்க என்னடா பண்ணினே?" என்று கேட்டதற்கு, "பேப்பரை நாலா மடிச்சு விரிச்சிருக்கேன் சித்தி" என்றான். விரித்திருந்தது உங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கம். உங்கள் பேப்பரைக் குறை சொல்லவில்லை, எந்தப் பேப்பராக இருந்தாலும் அதே கதிதான்.

ஜூலையில் வைத்தது. ஆகஸ்ட், செப்டம்பர் ஓடியது. ஐப்பசி மழை பிடித்து மூன்றாவது நாள், ராத்திரி இரண்டு மணிக்குத் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டு பால்கனியில் கொட்டுகிறது, அவர்கள் எழுந்து கத்துகிறார்கள், மோட்டார் நிற்கவே இல்லை. பையன் மாடிக்கு ஓடி சம்படத்தின் மூடியைத் தொட்டிருக்கிறான். சுரீர் என்று கை உதறிக்கொண்டது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் அதோடு போயிற்று. பழைய வீடு, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கிடையாது, அதனால் எதுவும் டிரிப் ஆகவும் இல்லை.

மறுநாள் காலை மெயினை அணைத்துவிட்டு நான் போய்ப் பிரித்துப் பார்த்தேன். பேப்பர் நமுத்துப்போன அப்பளம் மாதிரி இருந்தது. ரிலேயின் கால்கள் இருக்கிற இடத்தில், ஊதுவத்தியால் சுட்டது போல ஒரு பழுப்பு ஓட்டை, நாலு மடிப்பையும் துளைத்து, ஒரு கிரிக்கெட் தலைப்பின் குறுக்கே. ரிலேயின் 230 வோல்ட் கால் ஒன்று அது வழியாக நேராக எவர்சில்வரில் உட்கார்ந்திருந்தது. ஷாக் அடித்த காரணம் அது. மோட்டார் தானாக ஓடிய காரணம் வேறு, அதற்கு போர்டைக் கவிழ்த்து லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. 12 வோல்ட் போகிற செம்புத் தடத்துக்கும் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (அதை இயக்கச் சொல்கிற கால்) போகிற தடத்துக்கும் நடுவில், பித்தளைச் சொம்பில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு. அந்தக் களிம்புக்குள் பாசி படர்ந்தது போல முடி முடியாகச் செம்பு. ஈரம் பட்டு, டி.சி. கரண்டும் இருந்தால், ஒரு தடத்தின் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எதிர்த் தடத்தில் இப்படித்தான் கிளை விட்டு வளரும். கடல் காற்றின் உப்பு அதற்கு உரம் போட்ட மாதிரி. பேஸுக்கு வேண்டியது துளியூண்டு கரண்ட்தான், அந்தக் களிம்பு வழியாகக் கசிந்ததே போதுமானதாக இருந்தது. தண்ணீர் நிரம்பியது என்று தொட்டிக் கம்பி சொன்னாலும் ரிலே விடவில்லை.

சரி, இதே ரிலே, இதே டிரான்சிஸ்டரோடு கடையில் வாங்குகிற போர்டு ஏன் இப்படி ஆவதில்லை? அதன் மேலிருக்கும் பச்சைப் பூச்சு அழகுக்கு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது சால்டர் மாஸ்க். சால்டர் வைக்க வேண்டிய பொட்டுகளை மட்டும் திறந்து விட்டுவிட்டு மீதிச் செம்பு முழுவதையும் மூடிவிடும். சால்டர் ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு ஓடாது, ஈரமும் சுலபத்தில் தொடாது. வீட்டில் செய்கிற போர்டில் அது இல்லை, செம்பு அம்மணமாக நிற்கிறது. போதாக்குறைக்கு, மலிவாகக் கிடைக்கிறது என்று பசங்கள் வாங்குகிற பழுப்பு நிற போர்டு இருக்கிறதே, அது பேப்பரில் பிசின் ஏற்றி அழுத்தியதுதான். வெட்டிய ஓரத்தில் ஈரம் குடிக்கும். கண்ணாடி நார் போர்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிளாஸ் எபாக்ஸி என்று கேட்டால் தருவார்கள், விலை கூட ஆனாலும் அதையே வாங்கச் சொல்கிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் படித்துவிட்டு, கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் 16 வருடம் போர்டு அசெம்பிளியில் இருந்தவள். அதில் கடைசி ஆறு வருடம் கோட்டிங் செக்‌ஷன். வெளியில் போகிற ஒவ்வொரு போர்டுக்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பூச்சு அடிப்போம், கன்ஃபார்மல் கோட்டிங் என்பார்கள். அடித்த பிறகு இருட்டு அறையில் யு.வி. விளக்கின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். பூச்சில் ஒரு சாயம் கலந்திருக்கும், அது நீலமாக ஒளிரும். விட்டுப்போன இடம் கறுப்பாகத் தெரியும். பெரும்பாலும் எங்கே விட்டுப்போகும் தெரியுமா, ஐ.சி. கால்களின் நுனியிலும், உயரமான கெப்பாசிட்டருக்குப் பின்பக்க நிழலிலும். ஸ்ப்ரே ஒரே திசையிலிருந்து அடித்தால் அப்படித்தான். போர்டைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமிருந்தும் அடிக்க வேண்டும். நள்ளிரவு ஷிஃப்டில் அந்த நீல வெளிச்சத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, இன்றைக்கும் கோயில் திருவிழாவில் நீல டியூப்லைட்டைப் பார்த்தால் கறுப்புப் புள்ளி தேடுகிறேன்.

அந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது பூசுவதை அல்ல, கழுவுவதை. அழுக்கின் மேல் பூசினால் அழுக்கை உள்ளே வைத்துத் தைத்த மாதிரிதான். வீட்டு போர்டில் இரண்டு வகை அழுக்கு. ஒன்று ஃபெரிக் குளோரைடு. அதைத் தண்ணீரில் ஒரு தடவை அலசினால் போகாது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு நுரைக்கவிட்டு, அப்புறம் குழாய்த் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்திலோ சிங்க்கிலோ வேண்டாம், அது எவர்சில்வரையும் தின்னும், பிளாஸ்டிக் டப்பாதான் சரி. இன்னொன்று சால்டர் வைத்த பிறகு ஒட்டியிருக்கும் பழுப்புப் பசை, ஃப்ளக்ஸ். அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடையில் ஐ.பி.ஏ. என்றால் தெரியும். பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, காய்வதற்குள் சுத்தமான துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றாமல் விட்டால் பசை கரைந்து போர்டு முழுக்கப் பரவிக் காயும், முன்னைவிட மோசம். கொரோனா சமயத்தில் வாங்கி மிச்சமிருக்கிற சானிடைசரை ஊற்றுகிறார்கள், அதில் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு போகாது. தின்னர் சில பிளாஸ்டிக் பாகங்களைக் கரைத்துவிடும். பிளம்பர் பயன்படுத்துகிற ஆசிட் ஃப்ளக்ஸை போர்டு பக்கமே கொண்டு வரக் கூடாது, அது செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

கழுவினதும் பூச அவசரப்படாமல் போர்டை டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கிளாஸ் எபாக்ஸி போர்டில் வெளிச்சம் ஊடுருவும், தடத்துக்கும் தடத்துக்கும் நடுவில் தலைமுடி கனத்தில் செம்பு விட்டுப்போயிருந்தால் கோடாகத் தெரியும். பிளேடு நுனியால் கீறிவிடலாம். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து பக்கத்துப் பக்கத்துத் தடங்களைத் தொட்டுப் பார்ப்பதும் அப்போதே. பூச்சு பூசின பிறகு மீட்டர் முனை செம்பைத் தொடாது, அப்புறம் சுரண்ட வேண்டியதுதான். கட்டரால் வெட்டின கால் துண்டுகளையும் தேடிப் பொறுக்குங்கள். அவை பறந்து போய் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. எங்கள் செக்‌ஷனில் ஒரு முறை ஒரு போர்டு ஏன் எரிந்தது என்று அரை நாள் தேடி, கடைசியில் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் கால் துண்டு கிடந்தது.

தடங்கள் மேல் மெல்லியதாக சால்டர் இழுத்துவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. தெருவில் முன்பெல்லாம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவார்களே, அதே வேலைதான். களிம்பு ஏறாமல் காக்கும், ஆனால் ஷார்ட்டைத் தடுக்காது, அதுவும் உலோகம்தானே. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், நம் சால்டர் கம்பியில் பெரும்பாலும் காரீயமும் கலந்திருக்கிறது. அதனால் வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். இதையும் உங்கள் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

பூசுவதற்கு முன் போர்டு நன்றாகக் காய வேண்டும். சென்னைக் காற்றில் துணியே ஒரு நாளில் காயாத மாதங்கள் இருக்கின்றன. 60 வாட் குண்டு பல்பின் கீழ் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். கை தாங்குகிற சூடு இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

பூச்சு என்று கேட்டால் என் முதல் ஓட்டு அக்ரிலிக் ஸ்ப்ரேக்குத்தான். சர்க்யூட் போர்டுக்கென்றே வருகிறதைக் கேட்டு வாங்க வேண்டும். தடிமனாக ஒரே அடி அடிக்காமல் மெல்லியதாக மூன்று தடவை, நடுவில் இருபது நிமிடம் விட்டு. ஓரங்களையும் விடாதீர்கள். கனெக்டர், சுவிட்ச், திருகுகிற பிரீசெட், பஸ்ஸர் ஓட்டை, சென்சார் முகம் இவற்றை முதலில் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு உள்ளே இறங்கி கனெக்டரே கரண்டைத் தொடாது. அடிக்கிற இடத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது, வாசனை முழுக்கப் போகும் வரை போர்டுக்கு கரண்ட் கொடுக்கவும் கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும். நாளைக்கு ஒரு ரெசிஸ்டர் மாற்ற வேண்டுமென்றால் ஐ.பி.ஏ.யோ அசிட்டோனோ தொட்டால் பூச்சு கரைந்து வழிவிடும், எனக்கு இது பிடிப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். எபாக்ஸி ஊற்றி மூடினால் கல் மாதிரி ஆகிவிடும், அப்புறம் ரிப்பேர் என்ற பேச்சே இல்லை.

கடைகளில் பச்சை சால்டர் மாஸ்க் சின்ன சிரிஞ்சில் கிடைக்கிறது. போர்டில் ஒரு துளி வைத்து மேலே ஓ.எச்.பி. ஷீட்டை (கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தாள்) போட்டு நீவிவிட்டு வெயிலில் வைத்தால் கெட்டிப்படும். யு.வி. விளக்கு இல்லை என்று கவலைப்பட நாம் என்ன லண்டனிலா இருக்கிறோம். ஆனால் கனமாக வைத்தால் மேலே தோல் கட்டி அடியில் கெட்டிப்படாமலேயே இருக்கும். இதைச் சால்டர் வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும், பொட்டுகளைத் திறந்துவிட வேண்டும். கை பழக இரண்டு போர்டு பாழாகும், பரவாயில்லை.

நெயில் பாலிஷ் பூசலாமா என்று என்னிடம் பாடம் கேட்க வருகிற பெண் பிள்ளைகள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பூசலாம், 5 வோல்ட் 9 வோல்ட் சின்ன போர்டில், நிறமில்லாத பாலிஷ். மினுமினுக்கிற பாலிஷ் வேண்டாம், சிலவற்றின் மினுமினுப்பே உலோகத் தூள்தான். காய்ந்த பிறகும் அது சுலபமாகத் தீப்பிடிக்கிற சாமான், அதனால் சூடாகிற பாகத்தின் பக்கத்திலும் 230 வோல்ட் பக்கத்திலும் கூடவே கூடாது. குளூ கன்னில் ஊற்றுகிற பசை ஒயரைப் பிடித்து நிறுத்த நல்லது, மின்காப்புக்கு நம்பாதீர்கள், சூடான ரெகுலேட்டர் பக்கத்தில் மெழுகாக இளகிவிடும். கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் ஊர் மே மாதத்துக்குப் பசை கக்கி அவிழ்ந்துகொள்ளும். இன்னொன்று, பாத்ரூம் மூலைக்கு அடிக்கிற சிலிகான். வினிகர் வாசனை வருகிறதா என்று மோந்து பாருங்கள். வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற வகை, செம்பை அரிக்கும். வாசனை வராத நியூட்ரல் சிலிகான் தனியாக விற்கிறது. அப்புறம், மாட்யூல் வாங்கும்போது சுற்றி வருகிற வெள்ளிப் பை. அதற்குள்ளேயே வைத்து கரண்ட் கொடுத்த பையனை எனக்குத் தெரியும். அது ஸ்டாட்டிக் மின்சாரத்தைப் பரவவிடுவதற்காகச் செய்த பை, காப்பு இல்லை, அதில் உலோகப் படலமே இருக்கிறது.

இது வரை சொன்னது எல்லாம் சின்ன வோல்ட்டுக்கு. 230 வோல்ட் வந்துவிட்டால் பூச்சு இரண்டாம்பட்சம், இடைவெளிதான் முதல். 230 என்று சொல்வது கணக்குக்காக, ஒவ்வொரு அலையின் உச்சியிலும் அது 325 வோல்ட் வரை போய் வருகிறது. எங்கள் கம்பெனியில் 230 பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் 8 மில்லிமீட்டர் இல்லையென்றால் டிராயிங்கே திரும்பி வந்துவிடும். அதோடு ரிலேக்கு அடியில் இரு பக்கத்துக்கும் நடுவே போர்டையே நீளமாக அறுத்து ஒரு இடுக்கு விடுவோம். தூசும் ஈரமும் போர்டின் மேல்பரப்பில்தானே ஊர்ந்து வரும், பரப்பே இல்லாவிட்டால் எங்கே ஊரும்? வீட்டில் சின்ன ரம்பத்தால் இதை யாரும் செய்யலாம். ஃபேன் ரெகுலேட்டர் செய்கிற பிள்ளைகள் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற பி.டி.136 டிரையாக்கின் முதுகில் இருக்கிற உலோகத் தகடு வெறும் சூடு இறக்குகிற தகடு என்று நினைத்து அலுமினியத் துண்டை நேராக முடுக்கிவிடுகிறார்கள். அந்தத் தகடு உள்ளே நடுக்காலோடு சேர்ந்தது, அலுமினியம் முழுக்க 230 வோல்ட் லைன் வந்து நிற்கும். நடுவில் மைக்கா தகடும் திருகுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு கெப்பாசிட்டரை வைத்தே 230-ஐ 12 ஆக்குகிற சர்க்யூட்டைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அதில் எந்த இடத்தைத் தொட்டாலும் லைனைத் தொட்டதுதான், எத்தனை கோட் அடித்தாலும் பள்ளிப் பிள்ளை கையில் அது வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் போட்ட பழைய மொபைல் சார்ஜர் எந்த வீட்டில் இல்லை? அதன் 5 வோல்ட்டில் விளையாடட்டும். மாணவர் பக்கத்தில் வருகிற எல்லா சர்க்யூட்டும் அப்படியே இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். மெயின் தேவைப்படுகிற சர்க்யூட் என்றால் ஃபியூஸும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிற லைனும், கூட ஒரு பெரியவரும் இல்லாமல் பிளக்கைச் சொருகாதே என்று முதல் வரியிலேயே போடுங்கள்.

பல்லியை விட்டுவிட்டேன். இன்வர்ட்டர், ஏ.சி. அவுட்டோர், மோட்டார் ஸ்டார்ட்டர் எதைப் பிரித்தாலும் ஒரு காய்ந்த பல்லி குறுக்கே படுத்திருக்கும், சர்வீஸுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். வெதுவெதுப்பைத் தேடி வருகிறது, இரண்டு காலை இரண்டு தடத்தில் வைக்கிறது, முடிந்தது. எறும்பும் அப்படியே. அதனால் மூடியில் ஓட்டை போட்டால் அதற்குக் கொசுவலைத் துண்டு ஒட்ட வேண்டும், ஒயர் நுழைகிற இடத்தை அடைக்க வேண்டும்.

அக்கா பையனின் இரண்டாவது போர்டு இந்த சித்திரையில் மாடிக்குப் போயிற்று. கிளாஸ் எபாக்ஸி, ரிலேக்கு அடியில் அறுத்த இடுக்கு, மூன்று கோட், பிளாஸ்டிக் டப்பா, நாலு மூலையில் பத்து மில்லிமீட்டர் நைலான் ஸ்பேசர். போன மாதக் கோடை மழையில் இரண்டு நாள் நனைந்தது, மூடியைத் திறந்து பார்த்தோம், செம்பு புது நாணயம் மாதிரி இருந்தது. ஐப்பசி வந்தால்தான் நிஜமான பரீட்சை, அது வரை நானும் பெருமை பேசப் போவதில்லை. முறுக்குச் சம்படம் அக்காவிடம் திரும்பிவிட்டது, அடியில் ஒரு கறுப்புப் புள்ளியோடு. உங்கள் பேப்பரையும் நாங்கள் விடவில்லை. ஸ்ப்ரே அடிக்கும்போது தரையில் சிந்தாமல் இருக்க விரிக்கிறோம், விளையாட்டுப் பக்கத்தை மட்டும் பையன் முதலில் படித்துவிட்டுத்தான் தருகிறான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஆதம்பாக்கம், சென்னை.